தூங்கின கை

பேர் கூப்பிட இன்னும் நேரமாகும் என்று கோர்ட் டவாலிக்காரர் சொல்லிவிட்டு உள்ளே போனதிலிருந்து துளசிமணி தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் மல்லாந்து கிடந்தது அது. தென்னைநார்க் களத்தில் வருசக்கணக்காக மஞ்சி நாரை உதறி விரல் நுனியெல்லாம் காய்ப்புக் காய்த்த கை; வளையல் உரசி உரசி மணிக்கட்டில் ஒரு வெளுத்த தடம்; கட்டைவிரலுக்குக் கீழே எப்போதோ அரிவாள்மனை பட்ட தழும்பு. எல்லாரும் வைத்திருக்கிற மாதிரி ஒரு கைதான். மடக்கினால் மடங்கியது, நீட்டினால் நீண்டது. இப்படிச் சொன்ன பேச்சுக் கேட்கிற கை, அன்றைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவளை ஒரு வார்த்தை கேட்காமல் எழுந்து போய் அடுப்பைப் பற்றவைத்து, போசியில் தண்ணீர் வைத்து, கொதிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நின்று, துணி பிடித்து இறக்கி, பாயில் படுத்திருந்த புருசன் மேல் ஊற்றியிருக்கிறது. ஊற்றியது இந்தக் கைதான். அதில் போலீசுக்கும் சந்தேகமில்லை, வக்கீலுக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை. ஊற்றுகிறபோது கையின் சொந்தக்காரி எங்கே இருந்தாள் என்பதுதான் ஒன்றரை வருசமாக உடுமலை கோர்ட்டில் நடக்கிற கேஸ். இன்றைக்குத் தீர்ப்பு. வராண்டாவின் அந்தக் கோடியில், டைப் அடிக்கிறவரின் மேசைக்குப் பக்கத்தில், அவள் புருசன் திருமூர்த்தி நின்றுகொண்டிருந்தார். கழுத்தையும் வலது காதையும் மறைத்துத் துண்டு போர்த்தியிருந்தார். அவரோடு அவருடைய அக்கா சாமியாத்தாள். கேஸ் கொடுத்தது அந்த அக்காதான். துளசிமணி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, செருப்பைப் பார்த்தாள். புதுச் செருப்பு. யார் வாங்கிக் கொடுத்தார்கள்? அவருக்கு இடது கால் அரை அளவு பெரிசு, கடையில் இடது காலைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும், அது அந்த அக்காவுக்குத் தெரிந்திருக்குமா என்று நினைத்தாள். பிறகு, இதையெல்லாம் நினைக்க எனக்கு என்ன பாத்தியம் என்றும் நினைத்தாள். ஜாமீன் கொடுத்தபோது அவரிடம் பேசக் கூடாது, அவர் இருக்கிற வீட்டுப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். செருப்பைப் பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

முழித்துக்கொண்டே செய்தாள் என்பதற்கு அரசாங்க வக்கீல் இரண்டு சங்கதி வைத்திருந்தார். ஒன்று அவள் சொன்ன வார்த்தை. தெருக்குழாயடியில், அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வாரம் ஒரு சாயங்காலம், பக்கத்து வீட்டு ரங்கநாயகி, உங்க ஊட்டுக்காரர் என்னம்மா இப்பிடித் தூங்கறாரு, மணியக்காரர் வந்து கதவத் தட்டுனாக்கூட எந்திரிக்கலையே என்று சிரித்தபோது, இவளும் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டே, ஒரு நாளைக்குச் சுடுதண்ணி ஊத்தித்தான் எழுப்போணும் என்று சொல்லியிருந்தாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரித்துக்கொண்டா? ரங்கநாயகி கூண்டில் ஏறி, சிரிச்ச மாதிரித்தானுங்க இருந்துச்சு, ஆனா அன்னிக்கு அது மூஞ்சி நல்லா இல்லீங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. மூஞ்சி நன்றாக இல்லாமல்தான் இருந்திருக்கும். அவருக்கு மில்லில் நிரந்தர நைட் ஷிப்டு, இவளுக்குக் களத்தில் பகல் வேலை. அவர் பஞ்சு அப்பின தலையோடு உள்ளே நுழைகிறபோது இவள் தூக்குப்போசியோடு வாசல் தாண்டுவாள். பகல் ஷிப்டுக்கு எழுதிக் கொடுங்க என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள். ராத்திரியில சூப்பர்வைசர் தொந்தரவு இல்ல துளசி, மெசின் சத்தத்துல மனசு பாட்டுக்குக் கிடக்கும் என்பார். அந்தக் கோபம் இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கோபம் தண்ணீர் கொதிக்க வைக்குமா? வாயால் சொல்லிவிட்டு மறந்துபோன ஒரு பேச்சு, மறந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்து, ஆள் தூங்கின நேரம் பார்த்து எழுந்து வருமா? இந்த இடத்துக்கு வந்ததும் அவள் நினைப்பு எப்போதும் நின்றுவிடும், முள்ளில் மாட்டின சேலை போல. இழுத்தால் கிழியும். திரும்பிப் போய் முதலிலிருந்து வருவாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். சிரித்துக்கொண்டா?

இரண்டாவது சங்கதி அவருடைய கண்ணால் கண்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுக் கிடந்தபோது போலீஸ்காரர் கேட்டதற்கு, அவ கண்ணு தொறந்துதானுங்க இருந்துச்சு என்று சொல்லிவிட்டார். கண் திறந்திருந்தால் முழிப்புத்தானே என்று அரசாங்க வக்கீல் கேட்டார். கோயமுத்தூரிலிருந்து வந்த தூக்க டாக்டர், தூக்கத்தில் நடக்கிறவர்களுக்குக் கண் திறந்துதான் இருக்கும், கதவு திறப்பார்கள், அடுப்புப் பற்றவைப்பார்கள், சமையல்கூடச் செய்வார்கள், எழுந்த பிறகு ஒன்றும் ஞாபகமிருக்காது என்று சொன்னார். உடம்பு அசதியும் தூக்கக் கெடுதியும் இருந்தால் அது அதிகமாகும் என்றார். அண்ணன் அங்குராஜ் சாட்சிக்கு வந்து, சின்னதில் இவள் தூக்கத்தில் எழுந்து போய் ஆட்டுப்பட்டியைத் திறந்துவிட்டதைச் சொன்னான். இவளுக்காக வாதாடின வக்கீல் மெஹருன்னிசா இவளை விட வயதில் சின்னது, அக்கா அக்கா என்றுதான் கூப்பிடும். முதல் நாளே நிதானமாகச் சொல்லியது. பைத்தியம் என்று சொன்னால் கேஸ் சுளுவாக முடிந்துவிடும், ஆனால் விடுதலை என்று எழுதின கையோடு ஆஸ்பத்திரிக் காவலுக்கு அனுப்பலாம், இல்லாவிட்டால் யாராவது பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அது நமக்கு வேண்டாம். வேண்டுமென்று செய்வதுதான் குற்றம், மனசு இல்லாமல் உடம்பு மட்டும் செய்தது நீங்கள் செய்தது ஆகாது, அப்படித்தான் நாம் சொல்லப்போகிறோம். அப்புறம் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க கை செஞ்சுதுக்கா. நீங்க செய்யல. அவ்வளவுதான் நம்ம கேஸ்" என்றது.

எவ்வளவு ஆறுதலாக இருந்தது அன்றைக்கு. அண்ணன் வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். கை செய்தது, நான் செய்யவில்லை. ஆனால் கட்டிலில் படுத்துக் கண்ணை மூடினதும் வேறொன்று வந்து உட்கார்ந்தது, அது இன்றைக்கு வரைக்கும் போகவில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் அவர் ஒரு நாள் காப்பி குடித்துக்கொண்டே சொன்னார், நீ தூக்கத்தில் என் கையை இழுத்து உன் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொள்கிறாய், எடுக்கப் போனால் விடமாட்டேன் என்கிறாய் என்று. இவள் வெட்கப்பட்டு, பொய் சொல்லாதீங்க என்றாள். சத்தியமாக ஞாபகமில்லை. அவர் சும்மா இருக்கிறபோதெல்லாம் அதைச் சொல்லிக் கிண்டல் பண்ணுவார். மதுரக்காரன் தலையணை விக்கறான், வாங்கட்டுமா, என்ர கையி மரத்துப்போகுது என்பார். பிள்ளை இல்லாத வீட்டில் அந்தக் கிண்டல்தான் ஒரு பிள்ளை போலத் திரிந்தது. இப்போது கோர்ட்டில் தூங்கின கை அவளுடைய கை இல்லை என்று தீர்ப்பாகிவிட்டால், அத்தனை வருசமும் அவர் கையைத் தேடிப் பிடித்தது யார்? அதுவும் நானில்லையா? இது வேண்டாம், அது மட்டும் என்னுடையது என்று எந்தக் கோர்ட்டில் போய்க் கேட்பது? வக்கீலிடம் ஒரு முறை கேட்க வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டாள். அதற்குக் கல்யாணம் ஆகவில்லை. கேட்டால் எழுதிக்கொண்டாலும் எழுதிக்கொள்ளும்.

டைப் அடிக்கிற சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது. வாசலில் டீக்காரர் வந்து போனார். இவள் இப்போதும் கையை மல்லாத்தி வைத்திருந்தாள். வாரத்தில் ஆறு நாள் அந்தப் பாயில் ஒரு நேரத்தில் ஒருத்தர்தான் படுப்பார்கள். பகலில் அவர் படுத்து எழுந்த குழியில் ராத்திரி இவள் படுப்பாள். தலையணை உறையில் மில் எண்ணெய் வாசமும் பஞ்சு வாசமும் இருக்கும், அதில் மூக்கை வைத்தால்தான் தூக்கம் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து படுப்பது. கறிச்சோறு தின்றுவிட்டு, சன்னல் கதவைச் சாத்தி, காற்றாடியைச் சுற்றவிட்டு. வாரம் பூராவும் அந்த மத்தியானத்துக்குத்தான் நடந்துகொண்டிருந்ததாகத் தோன்றும். பேசக்கூட மாட்டார்கள். அவர் மல்லாந்து படுத்து இரண்டு மூச்சு விடுவதற்குள் குறட்டை வந்துவிடும். அந்தக் குறட்டையைக் கேட்டுக்கொண்டே முழித்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுவாள், முழித்திருந்தால்தான் அந்த மத்தியானம் நீளும். ஒருநாளும் முடிந்ததில்லை, தூங்கிவிடுவாள். அன்றைக்கும் தூங்கிவிட்டாள். கடைசியாக ஞாபகம் இருப்பது காற்றாடி. அப்புறம் அவர் அலறல். அப்புறம் கையில் காலிப் போசி, கால் விரலில் சுடுதண்ணீர். யாரோ ஊற்றிவிட்டார்கள் என்றுதான் நினைத்தாள். யாரு யாரு என்று கத்தியிருக்கிறாள், அக்கம்பக்கத்தார் எல்லாரும் அதைச் சொன்னார்கள். யார் என்று அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாளாம்.

அண்ணன் வீட்டில் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. ராத்திரி சமையல்கட்டைப் பூட்டிச் சாவியை அண்ணன் தலைமாட்டில் வைத்துக்கொள்வான். அவள் படுக்கிற அறைக்கு வெளியே தாழ் போட்டுவிடச் சொன்னது அவளேதான். மாத்திரை சாப்பிடுகிறாள், அதற்குப் பிறகு ஒரு தடவைகூட எழுந்து நடந்ததில்லை. ஆனால் தூங்கப் போவது இப்போதெல்லாம் முன்பின் தெரியாத ஒருத்தியை வீட்டுக்குள் விடுகிற மாதிரி இருந்தது. கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துப் படுப்பாள். விடிந்து பார்த்தால் கை வெளியே வந்து, பக்கத்தில் யாரும் இல்லாத இடத்தில், எதையோ பிடித்த மாதிரி மடங்கிக் கிடக்கும். அதைப் பார்த்தால் அவளுக்கு அழுகை வந்துவிடும். பயத்தாலா என்று கேட்டால் இல்லை. அந்தக் கை இன்னும் தேடுகிறது. என்ன செய்துவிட்டு வந்தோம் என்றுகூட அதற்குத் தெரியவில்லை, வாயில்லா ஜீவன் மாதிரி, பழைய இடத்திலேயே போய்த் தேடுகிறது.

போன மாதம் அவர் கூண்டில் ஏறினார். அதுதான் இவள் அவர் குரலை வெகு நாளைக்குப் பிறகு கேட்டது. துண்டை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தார். காது சுருங்கிப்போய், கழுத்து வழியாகத் தோள் வரைக்கும் தோல் வழவழவென்று வேறு நிறமாக இருந்தது. இவள் தலையைக் குனிந்துகொண்டாள். அரசாங்க வக்கீல் கேட்டதற்கெல்லாம் ஆமாங்க, இல்லீங்க என்றே சொன்னார். கண் திறந்திருந்ததா? ஆமாங்க. முந்தின நாள் வாய்த்தகராறு உண்டா? ஷிப்டு விசயமாக உண்டுங்க. அப்புறம் மெஹருன்னிசா எழுந்து, ஊற்றுகிறபோது உங்கள் மனைவி ஏதாவது சொன்னார்களா என்று கேட்டது. அந்தப் பெண்ணுக்கே பதில் தெரியாது. அப்படித் தெரியாமல் ஒரு கேள்வி கேட்டது வக்கீல் வேலையில் பெரிய தப்பு என்று பின்னால் அதுவே சொன்னது.  திருமூர்த்தி கூண்டுக் கட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம், "கண்ண மூடிக்குங்க, அரப்பு பட்டுரும்னு சொன்னாளுங்க" என்றார். கோர்ட்டில் யாருக்கும் விளங்கவில்லை. அவரே சொன்னார். அதற்கு முந்தின வருசம் மில்லில் விழுந்து அவருக்குத் தோள்பட்டை எலும்பு விட்டுப்போய், மூன்று மாதம் கையைத் தூக்க முடியாமல் இருந்தார். அவள்தான் தண்ணீர் காயவைத்து, பச்சைத்தண்ணீர் விட்டு விளாவி, தலைக்கு அரப்புத் தேய்த்துக் குளிக்க ஊற்றினாள். ஒவ்வொரு தடவையும் போசியைச் சாய்க்கும் முன்னால் அதைச் சொல்லுவாள். அன்றைக்குப் பாயிலும் அதே குரலில் சொன்னாள். அரைத்தூக்கத்தில் ஒரு தரம் அவளைப் பார்த்துவிட்டுத் தானும் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டதாகவும், அதனால்தான் கண் தப்பியது என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதாகவும் சொன்னார். இதை ஏன் போலீசில் சொல்லவில்லை என்று அரசாங்க வக்கீல் கோபமாகக் கேட்டார். "கேக்கலீங்க" என்றார் திருமூர்த்தி. துளசிமணிக்கு இது எதுவும் தெரியாது. தன் வாய் சொன்ன வார்த்தையை அவர் சொல்லித்தான் கேட்டாள். அன்றையிலிருந்து அதை வைத்துக்கொண்டுதான் இருக்கிறாள். விளாவ மறந்த தண்ணீர். அந்த ஒன்றை மட்டும்தான் கை மறந்திருக்கிறது. அப்படியென்றால் குழாயடிப் பேச்சு? அது எங்கே போயிற்று? இரண்டும் சேர்ந்து போயிருக்கக் கூடாதா, கோபமும் பாசமும் ஒரே போசியில்? தெரியாது. நீதிபதியம்மாவுக்கும் தெரியாது. உலகத்தில் அதைத் தெரிந்திருக்கக்கூடிய ஒரே ஒருத்தி அன்றைக்குத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பேர் கூப்பிட்டார்கள். உள்ளே போய் நின்றாள். நீதிபதியம்மா தாழ்ந்த குரலில் வாசித்தார், காற்றாடிச் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. உடலின் அசைவு என்றும் மனதின் செயல் என்றும் என்னவோ வந்தது. சந்தேகத்தின் பலனை அளித்து என்று வந்தது. மெஹருன்னிசா பின்னால் வந்து முழங்கையை அழுத்தினபோதுதான் விடுதலை என்று புரிந்தது. யாரும் கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போக வேண்டியதில்லை, அவளாகவே போகலாம். சாமியாத்தாள் யாரிடமும் பேசாமல், மகன் கொண்டுவந்த வண்டியில் ஏறிப் போய்விட்டாள். தம்பியையும் கூப்பிட்டிருப்பாள். அவர் பின்னால் வருகிறேன் என்றிருக்க வேண்டும்.

அண்ணனுக்கு அன்றைக்குத் தேங்காய் வெட்டு, வர முடியவில்லை. துளசிமணி தனியாகத்தான் பல்லடம் பஸ்ஸில் ஏறிக் குடிமங்கலத்துக்குச் சீட்டு வாங்கி, பின்பக்கம் சன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி கிளம்புகிற நேரத்தில் திருமூர்த்தி ஏறினார். அவருக்கும் அதே வழிதான், பாதி தூரத்தில் பெதப்பம்பட்டியில் அக்கா வீடு. பஸ்ஸில் வேறு இடமும் இருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றவர், வந்து அவள் சீட்டிலேயே, நடுவில் அவள் பையை விட்டு, இந்தப் பக்கம் உட்கார்ந்தார். பெதப்பம்பட்டி ஒன்று என்று சீட்டு வாங்கினார். இனிமேல் பேசலாமா என்று அவளுக்குச் சந்தேகம். தீர்ப்பு சொன்னதும் ஜாமீன் நிபந்தனை போய்விடுமா, அதற்கும் தனியாக எழுதிக் கொடுப்பார்களா? மேம்பாலம் தாண்டுகிற வரைக்கும் யோசித்துவிட்டு, "காது கேக்குதுங்களா?" என்றாள்.

"கேக்குது. மெசின் சத்தந்தான் இந்தப் பக்கம் கொஞ்சம் கம்மி."

அவர் சிரிக்கவில்லை, ஆனால் அது அவர் சிரிக்கிற பேச்சுத்தான். இன்னும் மில்லுக்குத்தான் போகிறார், இன்னும் ராத்திரிதான் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டாள். அப்புறம், வழியெல்லாம் கேட்கக் கூடாது என்று நினைத்ததையே கேட்டாள்.

"அரப்பு சொன்னத ஏனுங்க மொதல்லயே சொல்லுல? கேக்காட்டியும் சொல்லியிருக்கலாமுல்ல?"

அவர் முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு, "அது நம்மூட்டுப் பேச்சு துளசி. போலீசுக்காரங்கிட்ட எப்பிடிச் சொல்றது" என்றார்.

வெளியே காற்றாலைகள் வந்துகொண்டிருந்தன, ஒன்று சுற்றியது, ஒன்று நின்றது. அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். நம்மூடு என்றார். அந்த வீட்டைக் காலி பண்ணி வேறு யாரோ குடி வந்தாயிற்று. ஆனாலும் நம்மூடு என்றார். அவர் இன்னும் ஏதோ சொல்லப்போகிறார் என்று தெரிந்தது, சொல்லுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுவார்.

"நான் நம்பறேன். ஜட்ஜம்மா வாசிக்கறதுக்கு முன்னாலயே நம்பறேன். ஆனா தூக்கம் வர மாட்டீங்குது. அக்கா ஊட்டுல தனியாத்தான் படுக்கறேன், அப்பவும் வர்றதில்ல. கண்ண மூடுனா முழிப்பு வந்துருது."

 பழையபடி வாங்க என்று சொல்லவா, எந்த வாயால்? மாத்திரை சாப்பிடுகிறேன், கதவுக்குத் தாழ் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லவா? அவருடைய தூக்கத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள், திருப்பிக் கொடுக்கிற வழி எந்தத் தீர்ப்பிலும் இல்லை.  சன்னல் வழியாக மத்தியான வெயிலும் காற்றும் மாறி மாறி அடித்தன. நேற்று ராத்திரி ஷிப்டு முடித்துவிட்டு அப்படியே கோர்ட்டுக்கு வந்திருப்பார், சட்டைக் காலரில் பஞ்சு இருந்தது. எடுக்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் தலை ஒரு தரம் முன்னால் போய் நிமிர்ந்தது. மறு தரம் போய் நிமிர்ந்தது. அப்புறம் வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறினபோது, நடுவிலிருந்த பை மேல் சாய்ந்து, அது கீழே விழ, அவர் தலை அவள் தோளில் வந்து நின்றது. சுருங்கின காது இருக்கிற பக்கம். துளசிமணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முழித்தால் நகர்ந்துவிடுவார். இதை அவர் செய்யவில்லை என்று அவளுக்குத் தெரியும், உடம்புதான் செய்கிறது. இருந்தாலும் இந்தக் கனம் அவருடையது. குறட்டை லேசாகத் தொடங்கியது. பஞ்சு வாசம் வந்தது. அவள் முழித்திருந்தாள். நன்றாக, இமைக்காமல், இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் ஆசைப்பட்டு முடியாமல் போனதற்கெல்லாம் சேர்த்து முழித்திருந்தாள்.

பெதப்பம்பட்டி வந்தது. கண்டக்டர் ஊர் பேரைச் சொல்லிக் கதவைத் தட்டினான். இரண்டு பேர் மூட்டையோடு இறங்கினார்கள். விசில் கொடுக்கும் முன்னால் கண்டக்டர் திரும்பி, இவரைக் கையால் காட்டி, இங்கேதானே சீட்டு வாங்கினார் என்று கேட்டான். அவள் தோளை அசைக்காமல், வலது கையால் மடியிலிருந்து பணத்தை எடுத்து நீட்டினாள்.

"இந்தப் பஸ்ஸு கடைசியா எது வரைக்குமுங்க போகுது?"

"பல்லடம்."

"அப்பப் பல்லடம் ரெண்டு குடுங்க. மெல்லப் பேசுங்க, தூங்கறாங்க."